டிஸ்ப்ளே தூக்கிக்கொண்டால் எந்தக் கம்?

மன்னார்குடியில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். உடைந்த டிஸ்ப்ளேக்கு அடுத்தபடியாகக் கடைக்கு அதிகம் வருவது, உடையாமலேயே ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும் டிஸ்ப்ளேதான். டச் வேலை செய்யும். படம் தெளிவாக இருக்கும். விரலால் அழுத்தினால் ஓரம் உள்ளே போகும், கையை எடுத்ததும் மறுபடி மேலே வரும். ராத்திரியில் இடுக்கு வழியாக வெளிச்சம் கசியும். கொண்டுவருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் சொல்வது, "கொஞ்சம் கம் வச்சு ஒட்டிக் குடுங்க, போதும்" என்பதுதான். வீட்டிலேயே எதையாவது வைத்து ஒட்டிப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

அந்தக் கம் பற்றித்தான் இந்தப் பதிவு. கடைகளில் கிடைக்கும் பசைகளில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது, என்ன காரணம் என்று எழுதுகிறேன். ஒரு கம் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். திரும்ப எடுக்க வருமா என்பதே முதல் கேள்வி. இன்று ஒட்டுகிற டிஸ்ப்ளேயை என்றைக்காவது யாராவது கழற்றியே ஆக வேண்டும். அதிலும் நம் பக்கம் ஒரு போன் ஒரே ஆளிடம் நிற்பதில்லை. திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன் புதுசு வாங்கினால் பழையது அப்பாவுக்கு வரும். அப்பாவிடமிருந்து சித்தப்பாவுக்குப் போகும். கைமாறும்போதெல்லாம் பேட்டரி, சார்ஜிங் போர்டு, ஸ்பீக்கர் என்று ஏதாவது ஒரு வேலை வந்து நிற்கும். கழற்ற முடியாதபடி ஒட்டிய போனில் ஒரு சின்னக் கோளாறு வந்தாலும் டிஸ்ப்ளேயை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும்.

கம்முக்குப் போவதற்கு முன்னால் டிஸ்ப்ளே ஏன் தூக்கியது என்று பார்க்க வேண்டும். பல போன்களில் குற்றவாளி கம் இல்லை, பேட்டரி. லித்தியம் பேட்டரி வயதாகும்போதும், சூட்டிலேயே கிடக்கும்போதும், உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு உண்டாகும். பேட்டரியின் உறை மெல்லிய அலுமினியத் தாள் பை. வாயு வெளியே போக வழியில்லாததால் பை உப்பும். உப்பிய பை டிஸ்ப்ளேயையோ பின்மூடியையோ முட்டித் தள்ளும். போனை மேசையில் படுக்க வைத்து ஒரு மூலையைத் தட்டினால் ஆடுகிறதா பாருங்கள். பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நடுவில் மேடு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அதற்கு மேல் அந்தப் போனை அழுத்தவே கூடாது. சார்ஜும் போடக் கூடாது. உப்பிய பேட்டரி நசுங்கினால் உள்ளே இரண்டு தகடுகளையும் பிரித்துவைத்திருக்கும் மெல்லிய படலம் கிழிந்து, ஷார்ட் ஆகி, தீப்பிடிக்கலாம்.

கோட்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் அறுவடை நேரத்தில் வந்தார். தகரக் கூரை போட்ட மோட்டார் கொட்டகையில்தான் அவர் போன் எப்போதும் சார்ஜில் இருக்கும். டிஸ்ப்ளே கீழ்ப்பக்கம் நன்றாகத் திறந்துகொண்டு நின்றது.

"ஐயா, இது கம் வேலை இல்லீங்க. பேட்டரி ஊதியிருக்கு."

"இப்பத்திக்கு ஒட்டிக் குடு தம்பி. கொள்முதல் நிலையத்துல மூட்டையைப் போட்டுட்டு வந்து பேட்டரி மாத்திக்கிறேன். அதுவரைக்கும் போன் இல்லாம ஒண்ணும் நடக்காது."

"சட்டைப் பையில வச்சுக்கிட்டு அலையிற சாமானுங்கய்யா. இப்படியே ஒட்டிக் குடுக்க எனக்கு மனசு வராது. ரெண்டு மணி நேரம் குடுங்க, பேட்டரி மாத்தித் தந்துடுறேன்."

கொஞ்சம் முணுமுணுத்தார். அப்புறம் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார். பேட்டரியை எடுத்த பிறகு அந்த டிஸ்ப்ளே எந்த அழுத்தமும் இல்லாமல் தானாகவே ஃப்ரேமுக்குள் உட்கார்ந்தது. எடுத்த பேட்டரியை மணல் போட்ட தகர டப்பாவில் தனியாக வைத்துவிடுவேன். குப்பையில் போடக் கூடாது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. சேர்ந்த பிறகு சேகரிப்பவர்களிடம் ஒப்படைக்கிறேன்.

பேட்டரி சரியாக இருந்தால் அடுத்து ஃப்ரேம். பின் பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்து வளைந்த ஃப்ரேமில் எந்தக் கம்மும் நிலைக்காது. முதலில் வளைவை எடுக்க வேண்டும். சில போன்களில் முன்பு பிரித்தவர் ஒரு ஸ்குரூவை டிஸ்ப்ளேக்கு அடியிலேயே விட்டிருப்பார். அதுவும் முட்டும்.

இதெல்லாம் பார்த்த பிறகுதான் ஒட்டும் வேலை. அதிலும் பாதி நேரம் சுத்தம் செய்வதற்கே போய்விடும். டிஸ்ப்ளே உட்காரும் விளிம்பு பல போன்களில் ஒரு மில்லிமீட்டர் அகலம்தான். அந்த ஒரு மில்லிமீட்டரில் பழைய கம் இருக்கும், ஊர் மண்ணெல்லாம் இருக்கும். வாய்க்காலில் விழுந்த போன் என்றால் வண்டல். தை, மாசியில் வரும் போன்களில் நெல் சுணை. மேல்பக்கம், காதில் வைக்கும் இடத்தில், தேங்காய் எண்ணெயும் முகப் பவுடரும் சேர்ந்து கெட்டியாகப் படிந்திருக்கும். டிஸ்ப்ளே மேல் ஓரத்தில் தூக்கும் போன்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். எண்ணெய்ப் படலத்தின் மேல் எவ்வளவு விலையுள்ள கம்மை வைத்தாலும் அது எண்ணெயைத்தான் பிடிக்கும், ஃப்ரேமைப் பிடிக்காது.

பழைய கம்மை பிளாஸ்டிக் ஓப்பனரால் சுரண்டி எடுப்பேன். உலோக ஃப்ரேமாக இருந்தால் மட்டும் சர்ஜிகல் பிளேடு. அப்புறம் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நாங்கள் ஐபிஏ என்போம், அதில் நனைத்த பஞ்சு விடாத துணியால் இரண்டு மூன்று தடவை துடைப்பேன். துணியில் அழுக்கு வருவது நிற்கும் வரைக்கும் விடுவதில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி பெரும்பாலும் தண்ணீர், அது வேண்டாம். பெயின்ட் தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் கிட்டேயே வரக் கூடாது. ரிமூவர்களில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். அது பிளாஸ்டிக் ஃப்ரேமை வெளுக்க வைத்து, மயிரிழை வெடிப்பு விட வைக்கும். டிஸ்ப்ளேயின் ஓரத்தில் தெரியும் போலரைசர் படலத்தையும் கெடுக்கும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்திலிருந்து வரும் சாமான்களுக்கு இன்னொரு வேலை உண்டு. அவற்றில் உப்பு இருக்கும். ஐபிஏ எண்ணெயைக் கரைக்கும், உப்பைக் கரைக்காது. அதனால் முதலில் டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் விளிம்பைத் துடைத்து உப்பை எடுத்துவிட்டு, அதன் பிறகு ஐபிஏ. உப்பு ஒரு துளி இருந்தாலும் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே ஒட்டிய கம் கொஞ்ச நாளில் ஓரத்திலிருந்து உரியும்.

சரி, கம்முக்கு வருவோம்.

வீட்டில் எல்லோர் கைக்கும் முதலில் வருவது ஃபெவிக்விக். செருப்பு வார், பிளாஸ்டிக் வாளிக் கைப்பிடி, உடைந்த பொம்மை எல்லாவற்றுக்கும் அருமையான பசை. போன் டிஸ்ப்ளேக்கு மட்டும் அது ஆகாது. அந்த வகைப் பசைக்கு சயனோஅக்ரிலேட் என்று பெயர். இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1942-இல், துப்பாக்கியில் குறி பார்ப்பதற்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்த ஹாரி கூவர் என்ற அமெரிக்க வேதியியலாளர் கையில் இந்தப் பொருள் அகப்பட்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டு தொந்தரவு செய்ததால் அப்போது ஒதுக்கி வைத்துவிட்டார்கள். 1958-இல்தான் பசையாக விற்பனைக்கு வந்தது. தொட்டதை விடாத அந்தக் குணத்துக்காகத்தான் நாம் அதை வாங்குகிறோம். போனில் அதே குணம்தான் வினையாகிறது.

காற்றிலும் பொருளின் மேலும் இருக்கும் ஈரத்தைக் கொண்டுதான் அது இறுகுகிறது. ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கத்து ஈரக் காற்றில் டிஸ்ப்ளேயை நேராக வைத்துப் பார்ப்பதற்குள் பிடித்துவிடும். கோணலாகப் பிடித்தால் கோணல்தான். தண்ணீர் மாதிரி நீர்த்திருப்பதால் வைத்த இடத்தில் நிற்காமல் இடுக்கு வழியாக உள்ளே ஓடும். எல்சிடி டிஸ்ப்ளே என்றால் பின்னால் இருக்கும் பேக்லைட் தாள்களுக்கு இடையில் புகுந்து, அழிக்க முடியாத கறையாக நிற்கும். அதன் ஆவி சும்மா போகாது. பக்கத்தில் இருக்கும் பரப்புகளில் வெள்ளைப் புகையாகப் படியும். தடயவியலில் கண்ணுக்குத் தெரியாத கைரேகையை எடுக்க இந்த ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆவி பட்டதும் ரேகை வெள்ளையாகத் தெரியும். மூடிய போனுக்குள் அதே ஆவி செல்ஃபி கேமரா லென்ஸில் படிந்தால் எடுக்கிற படமெல்லாம் பனி மூட்டம்.

இத்தனைக்கும் மேலே, இறுகிய பிறகு அது கொஞ்சமும் வளையாது. போன் சட்டைப் பையிலும் மடியிலும் தினமும் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து நிமிர்கிறது. இரண்டு தடவை கீழே விழுந்தால் அந்த ஒட்டு படக்கென்று விடும். அதுவும் எல்லா இடத்திலும் விடாது, அங்கங்கே மட்டும் விடும். அப்புறம் அந்த டிஸ்ப்ளேயைக் கழற்றுவது பெரும்பாடு. டிஸ்ப்ளே தாங்கும் சூட்டுக்கு அந்தக் கம் இளகாது. அதற்கு மேல் சூடு வைத்தால் டிஸ்ப்ளே போய்விடும். கரைக்க வேண்டுமென்றால் அசிட்டோன் வேண்டும், அது பிளாஸ்டிக்கைத் தின்னும். இப்படி வந்த போன்களில் நல்ல நிலையில் இருந்த டிஸ்ப்ளே, பேட்டரி மாற்றுவதற்காகத் திறக்கும்போது கீறல் விட்டிருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கை வைப்பேன். இருந்தாலும், இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் காம்போ, அதாவது டச்சும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த செட், பத்து ரூபாய்க் கம்மால் போவதைப் பார்க்க மனசு ஆறாது.

அரால்டைட் போன்ற எபாக்சிகளும் இதே கணக்குதான். ஒட்டினால் ஒட்டியது. கதவுக் கீலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்ரூம் கண்ணாடிக்கும் மீன் தொட்டிக்கும் வைக்கும் சிலிக்கானைச் சிலர் நம்பிக்கையோடு கொண்டுவருகிறார்கள், ரப்பர் மாதிரி வளையுமே என்று. வளையும், உண்மைதான். ஆனால் சாதாரண சிலிக்கான் காயும்போது ஒரு புளித்த வினிகர் வாடை வரும் பாருங்கள், அது அசிட்டிக் அமிலம். மூடிய போனுக்குள் அந்த அமிலம் சுற்றினால் செம்பு பச்சை பிடிக்கும். அமிலம் விடாத நியூட்ரல் வகை சிலிக்கான் வேறு, அது கெடுதல் செய்யாது. என்றாலும் ஒரு மில்லிமீட்டர் விளிம்பில் அவ்வளவு கெட்டியான பசையைச் சீராக வைக்க வராது. ஃபெவிகாலில் தண்ணீர் இருக்கிறது, மரம் அதை உறிஞ்சிக்கொள்ளும், கண்ணாடியும் உலோகமும் உறிஞ்சாது. குளூ கன் குச்சி வெயிலில் நிற்கும் கார் சூட்டிலேயே இளகும். யூவி கம் என்று ஒன்றும் சர்வீஸ் சாமான் கடைகளில் கிடைக்கும். அது கண்ணாடியை டிஸ்ப்ளே மேல் ஒட்டுவதற்கானது. புற ஊதா வெளிச்சம் பட்டால்தான் இறுகும். டிஸ்ப்ளேயின் கறுப்பு ஓரத்துக்கு அடியில் வெளிச்சம் போகாது, கம் கடைசிவரை ஈரமாகவே கிடந்து ஊறும்.

மிச்சம் இருப்பவை இரண்டுதான். பி-7000 வகைக் கம், இல்லையென்றால் டபுள் சைடு டேப்.

பி-7000 என்பது ஒரு கம்பெனியின் பெயர் இல்லை. அதே எண்ணைப் போட்டுப் பல பேர் விற்கிறார்கள். அதனால் அட்டையைப் பார்த்து மட்டும் வாங்க வேண்டாம். புது ட்யூப்பில் ஒரு சொட்டை கண்ணாடித் துண்டில் வைத்து, மறுநாள் நகத்தால் இழுத்துப் பாருங்கள். நல்ல கம் ரப்பராக இழுபட்டு, ஒரே துண்டாக உரிந்து வரும். பொடியாக உதிர்ந்தால் அது வேண்டாம். டி-7000 என்பது கறுப்பு நிறம். கறுப்பு ஃப்ரேமில் இடுக்கில் கம் தெரியக் கூடாது என்றால், அல்லது ஓரத்தில் வெளிச்சம் கசிகிறது என்றால் அதை எடுப்பேன். டி-8000, இ-8000 எல்லாம் நிறமற்றவை. என் வேலையில் அவற்றுக்கும் பி-7000-க்கும் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. 15 மில்லி ட்யூப்பே போதும். பெரியது வாங்கினால் பாதியிலேயே கெட்டியாகிவிடும்.

இந்தக் கம்மில் கரைப்பான் இருக்கிறது. அது ஆவியாகப் போகப் போகக் கம் இறுகும். ஊசி மூக்கு இருப்பதால் மெல்லிய கோடாக இழுக்கலாம். டிஸ்ப்ளேயில் வைக்காமல் ஃப்ரேமின் விளிம்பில் வைக்க வேண்டும். ஸ்பீக்கர் வலை, மைக் துவாரம், காதருகே வைத்தால் டிஸ்ப்ளேயை அணைக்கும் சென்சார், ஃப்ளெக்ஸ் கேபிள் போகும் பாதை, இந்த இடங்களில் கம் கோடு போடாமல் இடைவெளி விட வேண்டும். கோடு போட்டதும் உடனே மூடாமல் இரண்டு மூன்று நிமிடம் விட்டால் மேலே லேசாகப் பிசுபிசுப்பு வரும். அப்போது டிஸ்ப்ளேயை உட்கார வைத்தால் நகராது. பிதுங்கி வெளியே வந்த கம்மை ஈரத்தில் துடைத்தால் இழுவிக்கொண்டு போகும். பாதி காய்ந்த பிறகு விரலால் உருட்டினால் சுத்தமாக வந்துவிடும். முக்கியமாக, 70, 80 டிகிரி சூட்டுக்கு இது இளகும். ஹீட்டிங் மேட்டில் கொஞ்ச நேரம் வைத்து, பிக் என்று நாங்கள் சொல்லும் மெல்லிய பிளாஸ்டிக் வில்லை ஒன்றைச் செருகி, இடுக்கில் ஐபிஏ இரண்டு சொட்டு விட்டால் டிஸ்ப்ளே முழுசாக எழுந்து வரும்.

இந்தக் குணத்தின் அருமை எனக்குத் தஞ்சாவூரில் ஒரு வீணைப் பட்டறையில்தான் நன்றாக விளங்கியது. அக்கா மகளின் வீணைக்கு மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதிக்குச் சரிசெய்து பதிக்க, கொண்டுபோயிருந்தோம். வீணையில் தந்திக்கு அடியில் குறுக்காக நிற்கும் உலோகக் கட்டைகள்தான் மெட்டுகள், அவை 24 இருக்கின்றன. அவை மரத்தில் ஆணியடித்தோ பசை போட்டோ நிறுத்தப்பட்டவை இல்லை. தேன் மெழுகில் கரித்தூள் கலந்து இரண்டு வரம்பாகக் கட்டி, அதன்மேல் மெட்டுகளைப் பதிக்கிறார்கள். நாள்பட மெழுகு இறுகியும் தேய்ந்தும் சுருதி விலகும். அப்போது மெழுகைச் சூடு காட்டி இளக்கி, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு நகர்த்தி மறுபடி பதிக்கிறார்கள். பலா மரத்துக்கு ஒரு கீறல் கிடையாது. இன்னும் பலமான பசை ஏதாவது போடலாமே என்று பெரியவரிடம் கேட்டேன். "நாளைக்கு இன்னொருத்தன் இதைத் திருப்பி எடுக்கணும்ல, தம்பி" என்றார். தலைமுறை கடந்து வாசிக்கப்படும் வீணைகள் இருப்பதற்கு அந்த மெழுகும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். என் மேசையில் பி-7000 செய்வதும் அதே வேலைதான்.

பெரிய கம்பெனிகளும் இப்போது இந்தத் திசையில் வருகின்றன. 2024-இல் வந்த ஐபோன் 16-இல் பேட்டரியை ஒட்டியிருக்கும் பசைக்கு ஒன்பது வோல்ட் மின்சாரம் கொடுத்தால் தானாக விட்டுவிடும்படி செய்திருக்கிறார்கள். கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. விதிவிலக்குகள் இருந்தாலும் எனக்கு இது மிகுந்த சந்தோஷம் தருகிற செய்தி.

டேப்பைப் பற்றிக் குறைவாகச் சொல்லிவிடக் கூடாது. சிவப்புத் தாள் ஒட்டிய மெல்லிய டபுள் சைடு டேப், த்ரீ எம் 300 எல்எஸ்இ வகை, ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் சுருளாகக் கிடைக்கும். சாதாரணமாக எதுவும் ஒட்டாத வழுக்கல் பிளாஸ்டிக்கிலும் பிடிக்கும்படி செய்தது. கரைப்பான் இல்லை, வாடை இல்லை, உள்ளே ஒழுகாது, ஒட்டிய கையோடு போனைக் கொடுத்துவிடலாம். அந்த மாடலுக்கென்றே வெட்டிய டேப் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. விளிம்பு சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. பள்ளம் மேடு இருந்தால் டேப் அதை நிரப்பாது, கம் நிரப்பும். அழுத்தம் கொடுத்தால்தான் டேப்பின் பசை பரப்பில் படர்ந்து பிடிக்கும். முழுப் பிடிப்பு வர ஒரு நாளாவது ஆகும், ஆனால் அந்த நேரம் போன் சொந்தக்காரரின் பையிலேயே கழியலாம்.

எனவே போனைப் பார்த்து மட்டும் நான் முடிவு செய்வதில்லை, ஆளையும் பார்க்கிறேன். முத்துப்பேட்டைக்கோ வடுவூருக்கோ பஸ் பிடிக்க வேண்டியவர், விளிம்பு நன்றாக இருக்கிறது என்றால் டேப். உள்ளூர்க்காரர், மறுநாள் வந்து வாங்கிக்கொள்வார் என்றால் கம். விளிம்பு அடிபட்டிருந்தால் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் கம்தான், வைத்துவிட்டுப் போகச் சொல்வேன். பி-7000 கைக்கு எடுக்கும்படி இறுக 24 மணி நேரம், முழுசாக இறுக 48 மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் இன்னும் நேரம் கேட்கும். அடைமழை நாட்களில் ஃப்ரேமின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும் என்பதால், கம்மோ டேப்போ வைப்பதற்கு முன் ஃப்ரேமை ஹீட்டிங் மேட்டில் வெதுவெதுப்பாக்கி எடுத்துக்கொள்கிறேன். இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு ஐப்பசியில் ஒட்டிய போன்கள் தையில் திரும்பி வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

காயும் வரைக்கும் பிடிமானம் வேண்டும். அகலமான ரப்பர் பேண்ட் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. ஓரங்களில் ஸ்பாஞ்ச் வைத்த பிளாஸ்டிக் கிளிப். டிஸ்ப்ளே நகராமல் இருக்கும் அளவுக்கு அழுத்தம் இருந்தால் போதும். ஆர்வத்தில் கிளிப்பை இறுக்கினால் எல்சிடியில் வெள்ளைப் புள்ளியும், பேக்லைட் இல்லாமல் தானே ஒளிரும் அமோலெட் டிஸ்ப்ளேயில் கறுப்புப் பொட்டோ கோடோ விழும். அமோலெட் தாளைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அதைக் கண்ணாடியாக நினைத்துக் கையாளக் கூடாது.

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையிலிருந்து ஒரு படகுக்கார அண்ணன் கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். முன்கண்ணாடி ஒட்டு விட்டு ஆடியது. பள்ளத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்பை எடுக்கவே நேரம் பிடித்தது. விளிம்பு அகலமாகவும் சமமாகவும் இருந்ததால் சுற்றிலும் டேப் போட்டு, வெளி ஓரத்தில் டி-7000 மெல்லிசாக ஒரு வரி ஓட்டினேன்.

"இனிமே கடல்ல விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுல்ல தம்பி?"

"அப்படிச் சொல்ல முடியாதுண்ணே. அலை தெறிச்சா தாங்கும். முங்கினா தாங்குமான்னு சோதிச்சுப் பாக்குற வசதி நம்மகிட்ட இல்ல. தண்ணி புகாத கவர்ல போட்டே வச்சுக்குங்க."

"அதுவும் சரிதான். நடுக்கடல்ல நின்னுக்கிட்டு உன்னைத் தேட முடியுமா?"

போனுக்கும் இதையேதான் சொல்வேன். தண்ணீரும் தூசியும் புகாத தரத்தைக் காட்டும் ஐபி67, ஐபி68 எண்கள் போட்டு வந்த போன்கள் தொழிற்சாலையில் அந்த மாடலுக்கென்று வெட்டிய சீல் போட்டு, சோதித்து அனுப்பப்பட்டவை. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்க வேண்டும் என்று அர்த்தம். ஒரு தடவை திறந்து கம் வைத்து மூடிய பிறகு அந்த எண் செல்லாது. ஒட்டியது எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ஆற்றுக் குளியலுக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது.

கொஞ்ச நாளாக இன்னொரு பழக்கம் வைத்திருக்கிறேன். மூடுவதற்கு முன் உள்ளே பேட்டரியின் மேல் சின்ன ஸ்டிக்கரில் கம்மின் பெயரையும் மாதத்தையும் எழுதிவிடுவேன். அடுத்து திறப்பவர் நானாக இருக்க வேண்டியதில்லை, திருவாரூரிலோ பட்டுக்கோட்டையிலோ இருக்கும் ஒரு தம்பியாக இருக்கலாம். எவ்வளவு சூடு வைக்கலாம் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். மற்ற கடைக்காரர்களும் இதைச் செய்தால் எனக்கும் எவ்வளவோ உதவியாக இருக்கும்.

வீட்டிலேயே செய்ய நினைப்பவர்கள் ஓரம் வளைந்த அமோலெட் போன்களில் கை வைக்காதீர்கள். தட்டையான எல்சிடி போன் என்றால், பேட்டரி உப்பவில்லை என்று உறுதி செய்துகொண்டு, போனை அணைத்துவிட்டுச் செய்யலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கம்மின் கரைப்பான் தலைவலி கொடுக்கும், எளிதில் தீப்பிடிக்கும். சாமி விளக்கு, ஊதுவத்தி, அடுப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம். வேலை முடிந்ததும் ட்யூப்பின் மூக்கைத் துடைத்து, மூடியில் இருக்கும் ஊசி சரியாக உள்ளே போகிறதா என்று பார்த்து மூடி, தலை மேலே இருக்கும்படி நிறுத்தி வைத்தால் அடுத்த தடவைக்கும் அதே ட்யூப் ஆகும்.